முன்னால் ரோமானியக் கோயில், பின்னால் தானியக் கொட்டகை: பிரெஞ்சுக் கிராமத்து நவசெவ்வியல் தேவாலயங்கள் (விவாத இழை)

#1 ஆவணப்பூனை
பிரான்சு தேவாலயம் என்றாலே பேச்சு கோத்திக் கோபுரத்துக்கும் வண்ணக் கண்ணாடிக்கும் ஓடிவிடுகிறது. 1760 முதல் 1840 வரை கிராமங்களில் எழுந்த நவசெவ்வியல் (பழைய கிரேக்க, ரோமானியப் பாணியை மீட்டெடுத்த) தேவாலயங்களைப் பற்றித் தமிழில் எழுதுபவர் குறைவு. முன்னால் நாலு தூண், மேலே முக்கோண முகப்பு, உள்ளே வெள்ளைப் பூச்சு, அவ்வளவுதானே என்று கடந்து போகிறார்கள்.

அடிப்படையை மட்டும் வைக்கிறேன். 1753இல் லோஜியே பாதிரியார் எழுதிய கட்டடக்கலைக் கட்டுரை இந்த அலைக்குக் கொள்கை கொடுத்தது: சுவரோடு ஒட்டிய அரைத்தூண் வேண்டாம், தனித்து நிற்கும் தூண் வேண்டும், அதன்மேல் வளைவு வேண்டாம், நேரான உத்திரம் வேண்டும். அதைப் பங்குக் கோயில் அளவில் செய்து காட்டியவை மூன்று. த்ரூவார் கட்டிய மோந்த்ரேய் புனித சிம்ஃபோரியன் (1764-1770), போத்தேன் 1766இல் தொடங்கிய சேன்-ஜெர்மேன்-ஆன்-லே தேவாலயம் (பணம் தட்டுப்பட்டு 1827இல்தான் அர்ச்சிக்கப்பட்டது), பாரிஸில் ஷல்கிரேன் கட்டிய சேன்-ஃபிலிப்-தியு-ரூல் (1774-1784). மோந்த்ரேய் அப்போது வெர்சாயை ஒட்டிய தனிக் கிராமம். 1787இல்தான் நகரத்தோடு சேர்ந்தது. ஆகவே கிராமத் தேவாலயத்துக்கான மூலப்படி என்று அதைச் சொன்னால் மிகையில்லை. டஸ்கன் தூண் முகமண்டபம், உள்ளே டோரிக் தூண் வரிசை (இரண்டும் பழைய செவ்வியல் தூண் வகைகள்), அதன்மேல் கட்டம் கட்டமாகக் குழித்த அரை உருளைக் கூரை.

என் கேள்வி: பிற்காலக் கிராமத்துப் பிரதிகளில் அந்த அரை உருளைக் கூரை கல்லா, மரமா? வெளியிலிருந்தே சொல்லிவிட முடியுமா?

#2 கல்தச்சன்_பாரி
பெரும்பாலும் முடியும். சுவரைப் பாருங்கள். கல் வளைவு கூரையின் முழு நீளத்துக்கும் இரு பக்கமும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அதைத் தாங்கத் தடித்த சுவரோ உதைசுவரோ வேண்டும். லோஜியே சொன்னபடி ஒல்லித் தூண், நேர் உத்திரம் என்று வைத்தால் பக்கவாட்டுத் தள்ளலை வாங்கிக்கொள்ள அங்கே ஒன்றும் இல்லை. பக்கக்கூடத்துக் கூரை கொஞ்சம் முட்டுக் கொடுக்கும், அதுவும் தாழ்வாக இருப்பதால் போதாது.

உதைசுவரும் இல்லை, சுவரும் ஒல்லி, உள்ளே அரை உருளைக் கூரை என்றால் அது மரச்சட்டத்தில் ரீப்பர் அடித்துப் பூசிய பொய்க்கூரைதான். சேன்-ஃபிலிப்பிலேயே கல்லில் திட்டமிட்டதைக் கடைசியில் மரத்தில் முடித்துக் கல்போல வண்ணம் தீட்டினார்கள். தலைநகரத்திலேயே அப்படி என்றால் கிராமத்தைக் கேட்க வேண்டாம்.

வளைந்த சட்டம் செய்ய நீள மரம் தேவையில்லை என்பதும் ஒரு காரணம். ஃபிலிபேர் தெ லோர்ம் 1561இலேயே வெளியிட்ட முறை இது: சுமார் 4 அடி நீளப் பலகைத் துண்டுகளை வில் வடிவில் சீவி, இரண்டு அடுக்காக, ஓர் அடுக்கின் பொருத்து மற்றதன் நடுவில் வரும்படி முளை அடித்துச் சேர்ப்பது. இருநூறு ஆண்டு கழித்து அதைத் தூசி தட்டி எடுத்து, 1782-83இல் பாரிஸ் தானியச் சந்தைக்கு மேல் பெரிய குவிமாடமே போட்டார்கள். (1802இல் எரிந்து போனது.) அதன்பிறகு ஊர்த் தச்சர்களுக்கும் அது பழகிப்போனது.

#3 அளவுகோல்
மரக்கூரையைப் போலி என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. தூண்மேல் நேர் உத்திரம் வேண்டும் என்று முடிவு செய்த நிமிடமே கனமில்லாத கூரை கட்டாயமாகிவிடுகிறது. கல்லில் போட்டிருந்தால் இவற்றில் பாதி இன்று நிற்காது.

காலம் கணிப்பது பற்றி ஒன்று. எஸ்டிமேட் காகிதம் கிடைக்காவிட்டால் கட்டடத்தையே அளந்து பாருங்கள். பழைய அரச அடி 32.48 செ.மீ., 6 அடி ஒரு துவாஸ், அதாவது 1.949 மீ. 1812இல் வந்த ‘வழக்க அளவை’யில் துவாஸ் சரியாக 2 மீ., அடி 33.33 செ.மீ. 1840 ஜனவரி 1 முதல் மீட்டர் மட்டுமே செல்லும். நடுக்கூட அகலம் 9.74 மீ. வந்தால் 30 அரச அடி. 1789 புரட்சிக்கு முந்தைய கை. சரியாக 10 மீ. வந்தால் குழப்பம்: 5 புதிய துவாஸாகவும் இருக்கலாம், 10 மீட்டராகவும் இருக்கலாம். அப்போது சின்ன அளவுக்குப் போங்கள். தூணின் அடி விட்டம் 66-67 செ.மீ. என்றால் 2 புதிய அடி, 65 என்றால் 2 அரச அடி.

பூச்சுக்குப் பூச்சு அளக்காதீர்கள். பின்னால் ஏற்றிய பூச்சு பக்கத்துக்கு 2-3 செ.மீ. தின்றுவிடும், கணக்கு கெட்டுப்போகும். தூண் மையத்திலிருந்து தூண் மையம் வரை, நாலைந்து இடைவெளிகளைச் சேர்த்து அளந்து வகுப்பதுதான் நம்பகம். தூண் உயரத்தையும் எடுங்கள். 16ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கட்டடக் கலைஞர் விக்னோலாவின் கணக்கில் டஸ்கன் தூண் விட்டத்தைப் போல 7 மடங்கு, டோரிக் 8, அயோனிக் 9, உத்திரப் பகுதி தூண் உயரத்தில் கால்வாசி. 65 செ.மீ. விட்டத்துக்கு டஸ்கன் தூண் 4.55 மீ. வர வேண்டும். ஆறு மடங்கில் நின்றுபோனால் எஸ்டிமேட்டில் யாரோ கத்தி வைத்திருக்கிறார்கள், அல்லது தரை உயர்ந்து தூணின் அடி புதைந்திருக்கிறது.

#4 ஆவணப்பூனை
கத்தி வைத்தவர் யார் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. புரட்சிக்கு முன் 1695 ஏப்ரல் அரசாணைப்படி பலிபீடப் பகுதியைப் பழுதுபார்ப்பது தசமபாகம் (விளைச்சலில் திருச்சபைக்குப் போகும் பங்கு) வாங்குபவர் பொறுப்பு. நடுக்கூடமும் பங்குத்தந்தை வீடும் ஊர்மக்கள் பொறுப்பு. மணிக்கூண்டு எதன்மேல் நிற்கிறதோ அந்தப் பகுதிக்காரர் தலையில் விழும். தசமபாகம் பல ஊர்களில் தொலைவில் உள்ள மடத்துக்குப் போனது. மடம் காசை அவிழ்க்காது. அதனால்தான் நடுக்கூடம் 1770களின் டோரிக், பலிபீடப் பகுதி மட்டும் பழைய கோத்திக் விலா வளைவோடு என்ற ஒட்டுக்கட்டடங்கள் இத்தனை. ரசனைக் குழப்பம் என்று வழிகாட்டிக் கையேடுகள் எழுதும். ஆனால் அது பங்காளித் தகராறு.

கிழக்கே ஃப்ரான்ஷ்-கோந்தே பக்கம் ஊருக்கு ஊர் 18ஆம் நூற்றாண்டுத் தேவாலயம் இருப்பதற்கும் பணம்தான் விளக்கம். 1669 வனச் சட்டம் ஊர்க்காட்டில் கால்பங்கை வெட்டாமல் வளர்க்கச் சொன்னது. தேவாலயம் இடிந்தது, பாலம் போனது போன்ற காரணம் காட்டி அனுமதி வாங்கினால் அந்தக் கால்பங்கை விற்கலாம். ஓக் மரம் விற்றுத்தான் அங்கே தூண் நின்றது. வரைபடம் வனத்துறைக் கட்டடக் கலைஞர் வழியாகப் போகும். பின்னால் பேர்பெற்ற கட்டடக் கலைஞர் லெது 1760களில் அந்த வேலையில்தான் இருந்தார். பர்கண்டி, ஷாம்பான், ஃப்ரான்ஷ்-கோந்தே பகுதிகளில் பாலம், சலவைத்துறை, சிறு தேவாலயம் என்று செய்தார். அவருக்குப் பேர் வாங்கித் தந்த அரச உப்பாலை எல்லாம் பிறகு.

வேலையை விடுவது மெழுகுவர்த்தி ஏலத்தில். எஸ்டிமேட்டை உரக்க வாசிப்பார்கள், சின்ன திரியை ஏற்றுவார்கள், எரியும்வரை ஒப்பந்தக்காரர்கள் விலையைக் குறைத்துக்கொண்டே போகலாம். திரி அணைந்தபோது நிற்கும் குறைந்த விலைக்கு வேலை. விலை போட்டியில் இறங்கிய அளவுக்குத் தரமும் இறங்கும். வேலை முடிந்து ஏற்கும் அறிக்கையில் ‘சுண்ணாம்பு போதாது’, ‘ரீப்பர் இடைவெளி அதிகம்’ போன்ற குறைகளைத் தேடுங்கள். மாவட்ட ஆவணக் காப்பகத்தில் புரட்சிக்கு முந்தையதற்கு C, G தொகுதிகள், 19ஆம் நூற்றாண்டுக்கு O, V தொகுதிகள். பழைய தேவாலயத்தின் தரைப்படம் வேண்டுமானால் நெப்போலியன் கால நில அளவைப் படம். பல மாவட்டங்கள் இணையத்திலேயே வைத்திருக்கின்றன.

#5 மழைச்சாரல்77
ஒரு தேவாலயத்தின் ஆய்வறிக்கை கையில் இருக்கிறது, படத்தோடு இணைத்திருக்கிறேன். 1830கள், ஒரே நடுக்கூடம், பூசிய அரை உருளைக் கூரை, ஓட்டுக் கூரை. சுவரின் மேல்விளிம்பு இருபுறமும் 4-5 செ.மீ. வெளியே சாய்ந்திருக்கிறது. கூரை உச்சியில் நீளவாக்கில் விரிசல். கூரை மரத்தில் செய்தது என்றால் தள்ளுவது எது?

#6 கல்தச்சன்_பாரி
பூச்சுக் கூரை தள்ளாது, அதற்குமேல் இருக்கும் ஓட்டுக்கூரைச் சட்டம் தள்ளுகிறது. இந்த வகையின் பிறவிக் குறையே இதுதான்.

சாதாரணச் சட்டத்தில் இரண்டு கைமரங்களின் அடியைக் கீழ்விட்டம் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும், அதனால் சுவர்மேல் செங்குத்தான பாரம் மட்டும் இறங்கும். அரை உருளைக் கூரையின் உச்சி சுவர் மட்டத்துக்கு மேலே போகிறது. கீழ்விட்டம் குறுக்கே வந்தால் அழகு கெடும். ஆகவே விட்டத்தைக் கைமரத்தின் பாதி உயரத்துக்கு ஏற்றிவிடுவார்கள். ஏற்றிய விட்டத்துக்குக் கீழே கைமரக் கால்கள் விரிய இடம் கிடைக்கிறது. ஓட்டின் எடை தொடர்ந்து அழுத்தும், மரம் மெல்ல வளையும், சுவர் தலை வெளியே போகும். சுவர் விலக விலக வளைவு தட்டையாகி, உச்சியில் நீள விரிசல். உங்கள் அறிக்கை சொல்வது வரிக்கு வரி இதுவே.

முதலில் பரணில் ஏறிப் பாருங்கள். விட்டமும் கைமரமும் சேரும் பொருத்தில் முளை முறிந்திருக்கிறதா, கைமரத்தின் சுவர்முனை உளுத்திருக்கிறதா? சுவருக்குள் புதைந்த முனைதான் முதலில் போகும். மரத்தின் ஈரம் 22 விழுக்காட்டைத் தாண்டினால் மரத்தைத் தின்னும் மெருல் பூஞ்சைக்கு இடம் கொடுத்ததாகும். பிரான்சில் 2014 சட்டப்படி அதைக் கண்டால் நகர மன்றத்துக்கு அறிவிக்க வேண்டும். பரணில் நடக்கும்போது வில் சட்டத்தின்மேல் பலகை போட்டு நடக்க வேண்டும். ரீப்பர் இடுக்கில் பிதுங்கி மறுபக்கம் கொக்கிபோல உறைந்த பூச்சுதான் மொத்தப் பூச்சையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதன்மேல் ஒரு மிதி மிதித்தால் கீழே ஒரு சதுர மீட்டர் கழன்று விழும்.

#7 அளவுகோல்
தீர்வு எஃகு இழுகம்பி. சுவர் தலை மட்டத்தில் சட்டத்துக்கு ஒன்று, வெளிச்சுவரில் நங்கூரத் தகடு.

#8 கல்தச்சன்_பாரி
அவசரப்படாதீர்கள். முதலில் அது இன்னும் நகர்கிறதா என்று தெரிய வேண்டும். விரிசல்மேல் அளவி ஒட்டி, குறைந்தது ஒரு முழு ஆண்டு, நாலு பருவமும் குறிக்க வேண்டும். பருவத்தோடு திறந்து மூடினால் அது வெப்ப அசைவு. எப்போதும் ஒரே திசையில் போனால்தான் கம்பி. 1870இலேயே நின்றுபோன சாய்வுக்குக் கம்பி போட்டு நடுக்கூடத்தைக் கொடிக்கயிறு கட்டிய முற்றமாக்கிய வேலைகள் உண்டு. சட்டத்தின் பொருத்தைச் சரிசெய்து, பரணுக்குள்ளேயே மறைவாக இழுப்பு கொடுக்க முடியுமா என்று முதலில் பார்ப்பதே முறை.

#9 அளவுகோல்
பரணுக்குள் கொடுக்கும் இழுப்பு மறுபடியும் ஏற்றிய விட்டத்தின் உயரத்தில்தானே இருக்கும்? கால் விரிவது அதற்குக் கீழே. நகர்வு உறுதியானால் கண்ணுக்குத் தெரிந்தாலும் கம்பி சுவர் தலையில்தான் வர வேண்டும். அளந்து பார்க்கச் சொன்னது சரி, அதில் தகராறில்லை.

#10 சுண்ணாம்புச்சூளை
கூரையை நீங்கள் இருவரும் பார்த்துக்கொள்ளுங்கள், நான் அடிச்சுவருக்கு வருகிறேன். இந்தத் தேவாலயங்களில் பத்துக்கு எட்டில் ஓதம் ஏறியிருக்கும். காரணம் பாதி வரலாறு. தேவாலயத்தைச் சுற்றித்தான் இடுகாடு. 1776இல் உள்ளே புதைப்பதைத் தடுத்தார்கள், 1804 ஜூன் ஆணை இடுகாட்டை ஊருக்கு வெளியே தள்ளியது. கிராமங்களில் அது நடந்தேற இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. நூற்றாண்டுக்கணக்கில் புதைத்துப் புதைத்து வெளிமண் உயர்ந்து, உள்தரையை விட அரை மீட்டர் மேலேகூட நிற்கும். அந்த மண்ணின் ஈரம் நேரே சுவருக்குள்.

அடுத்து 20ஆம் நூற்றாண்டின் உதவி: அடிச்சுவருக்கு ஒரு மீட்டர் உயரம் சிமெண்ட் பூச்சு. மிருதுவான சுண்ணக்கல் சுவர் பூச்சு வழியாக ஆவியை விடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்தால் ஈரம் சிமெண்டுக்கு மேலே ஏறி அங்கே வெளிவரும். கூடவே உப்பும். உப்பு கல்லின் துளைக்குள் படிகமாகும்போது கல்லை மணலாக உதிர்க்கும். சிமெண்ட் பட்டைக்குச் சற்று மேலே விரல் வைத்தால் மாவாகக் கொட்டும் இடம் அதுதான்.

செய்ய வேண்டியது: சிமெண்டை உளியால் மெல்ல எடுக்கவும், இயந்திரச் சுத்தி வேண்டாம், கல்லின் முகமும் கூடவே வந்துவிடும். பொருத்துகளை 2-3 செ.மீ. ஆழம் சுரண்டி, தூசி தட்டி, நனைத்து, 1 பங்கு சுண்ணாம்புக்கு 2.5 முதல் 3 பங்கு மணல் என்று கன அளவில் கலந்து நிரப்பவும். மிருதுவான கல்லுக்குக் காற்றில் இறுகும் சுண்ணாம்பு, அல்லது நீரில் இறுகும் இயற்கைச் சுண்ணாம்பு வகையில் (NHL; எண் கூடினால் கடினம் கூடும்) NHL 2. ஈரமும் காற்றும் அடிக்கும் பக்கம் 3.5. NHL 5 போடுவது சிமெண்டுக்குப் பங்காளியை அழைத்து வருவது போலத்தான். 5 டிகிரிக்குக் கீழே வேலையே எடுக்க வேண்டாம். உறைபனி வர ஒரு மாதமாவது இருக்க வேண்டும். எடுத்த சுவரை உடனே பூசிவிடாதீர்கள், பல மாதம் வெறுமனே காயட்டும்.

வடிகால் வெட்ட ஆசைப்படுபவர்களுக்கு: சுவரை ஒட்டி வெட்டாதீர்கள். கிராமத் தேவாலய அஸ்திவாரம் ஆழமில்லாதது, ஒட்டி வெட்டினால் இறங்கும். ஒன்றரை இரண்டு மீட்டர் தள்ளி, அஸ்திவார அடிக்குக் கீழே போகாமல். வெட்டினால் எலும்பு வரும், வந்தே தீரும். வட்டாரத் தொல்லியல் பிரிவுக்கு முன்கூட்டியே சொல்லாமல் மண்வெட்டி எடுத்தால் வேலை நிற்கும். பல நேரம் கூரைத் தண்ணீர் விழும் குழாயைச் சரிசெய்தாலே பாதி ஓதம் போய்விடும். அதை விட்டுவிட்டு சுவருக்கு ரசாயன ஊசி போடுகிறேன், மின்கம்பி இழுக்கிறேன் என்று வருபவர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

#11 தாழ்வாரம்
முகப்பை யாரும் தொடவில்லையே. பண்டைய ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் கணக்கில் முக்கோணத்தின் உயரம் அதன் அடியில் துருத்தி நிற்கும் கார்னிஸ் விளிம்பின் நீளத்தில் ஒன்பதில் ஒன்று. அப்படி என்றால் சரிவு சுமார் 12.5 டிகிரி. மத்தியதரைக்கடல் ஓட்டுக்கு அது போதும். பாரிஸ் பக்கத்துத் தட்டையோட்டுக்கு 45 டிகிரி வேண்டும். ஆகவே வடக்கே முக்கோணம் கூரையின் உண்மையான முனை இல்லை, முன்னால் நிறுத்திய திரை. அதன் தலைக்கு மேல் செங்குத்தான கூரை எட்டிப்பார்க்கும். திரைக்கும் கூரைக்கும் நடுவே ஒரு பள்ளம். மழை, இலை, புறா எச்சம் எல்லாம் அங்கேதான் சேரும். ஆண்டுக்கு இருமுறை சுத்தம் செய்யாவிட்டால் அந்தத் தண்ணீர் நேரே முகமண்டப உட்கூரைக்கு.

கார்னிஸ் மேல்முகத்துக்கு ஈயத்தகடு போடுவார்கள். ஒன்றரை மீட்டருக்கு மேல் ஒரே தகடாகப் போட்டால் வெயிலில் நீண்டு, இரவில் சுருங்கி, சில ஆண்டில் கிழியும். துத்தநாகம் போடுவதாக இருந்தால் அடியில் ஓக் பலகை கூடாது, அதன் துவர்ப்பு அமிலம் தகட்டை அடியிலிருந்து தின்றுவிடும். ஊசியிலை மரப் பலகை போட்டு, காற்றுக்கு இடம் விடுங்கள்.

இன்னொன்று இரும்பு. தூணுக்குத் தூண் நேர் உத்திரம் என்பது பல துண்டுக் கற்களைத் தட்டை வளைவாகச் சேர்த்து உள்ளே இரும்புக் கவ்வி வைத்தது. பாரிஸின் பெரிய நவசெவ்வியல் கட்டடமான பாந்தியோனுக்கே அதுதான் தலைவலி. தண்ணீர் போனால் துரு, துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், கல் உள்ளிருந்து வெடிக்கும். உத்திரத்தின் அடியில் பழுப்புக் கறையோடு மூலை உடைந்திருந்தால் கலவை வைத்து அடைத்துவிட்டுப் போகாதீர்கள். கவ்வியை எடுத்து எவர்சில்வர் கவ்வி வைத்து, ஈயமோ சுண்ணாம்போ ஊற்ற வேண்டும்.

மணிக்கூண்டு இந்தப் பாணிக்கு ஒட்டாத உறுப்பு. ரோமானியக் கோயிலில் அதற்கு இடமே கிடையாது. முக்கோணத்துக்குப் பின்னால் சதுரமாக எழுப்புவார்கள். கூண்டின் எடை அதிகம், நடுக்கூடச் சுவரின் எடை குறைவு; இரண்டும் ஒரே அளவு இறங்காமல், சேரும் இடத்தில் மேலிருந்து கீழாக விரிசல் விடும். மணி தொங்கும் ஓக் சட்டம் சுவரைத் தொடாமல் அதன் மேடையில் தனியாக நிற்க வேண்டும். ஆடுகிறதே என்று யாராவது நல்லெண்ணத்தில் சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே ஆப்பு அடித்திருப்பார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு மணியோசையும் சுவருக்குள் போகும்.

#12 வில்லியனூரான்
நம் புதுச்சேரி சம்மனசுகளின் மாதா கோயில் இந்தக் கணக்கில் வருமா?

#13 ஆவணப்பூனை
வரும். லூயி கேர் வடிவமைத்தது, 1855. பாணி அதே குடும்பம், பொருள் வேறு: கல் இல்லாத ஊரில் செங்கல் கட்டிச் சுண்ணாம்புப் பூச்சில் கல்வேலையின் தோற்றத்தைக் கொண்டுவந்தார்கள். காலத்தையும் பாருங்கள். 1855இல் பிரான்சின் கிராமங்களே போலி கோத்திக்குக்கு மாறிக்கொண்டிருந்தன. அதற்குத் தனி இழை போடலாம்.

விட்டுப்போன ஒன்று. வாசலுக்கு மேல் சுரண்டிய எழுத்து இருந்தால் படம் எடுத்து வையுங்கள். 1794 மே ஆணைக்குப் பிறகு ‘பிரெஞ்சு மக்கள் பரம்பொருளையும் ஆன்மாவின் அழியாமையையும் ஏற்கிறார்கள்’ என்ற வாசகத்தைத் தேவாலய முகப்புகளில் எழுதினார்கள். சில ஊர்களில் இன்றும் மங்கலாகத் தெரிகிறது. முகப்பைக் கழுவுகிறேன் என்று அதையும் கழுவிவிடக் கூடாது. மணியும் அப்படித்தான்: 1793 ஜூலை ஆணைப்படி பங்குக்கு ஒரு மணி தவிர மற்றவை பீரங்கிக்குப் போயின. கூண்டில் மூன்று மணிக்கு இடம், தொங்குவது ஒன்று என்றால் காரணம் அதுவாக இருக்கலாம்.

#14 மழைச்சாரல்77
வேலைக்குப் பணம் யார் தருவது? பங்குத்தந்தையா, ஊராட்சியா?

#15 ஆவணப்பூனை
அரசையும் திருச்சபையையும் பிரித்த 1905 சட்டத்துக்கு முந்தைய கட்டடம் என்றால் பொதுவாக ஊராட்சியின் சொத்து; 1907 சட்டப்படி வழிபாட்டுப் பயன்பாடு பங்கின் கையில். பழுதுபார்க்க ஊராட்சி செலவழிக்கலாம் என்று 1908 சட்டம் தெளிவாக்கியது. அல்சாஸ்-மொசேல் மட்டும் விதிவிலக்கு: 1905இல் அது ஜெர்மனியிடம் இருந்ததால் நெப்போலியன் போப்போடு செய்த ஒப்பந்தமே இன்றும் செல்லும். நினைவுச்சின்னப் பட்டியலில் இருக்கிறதா, எந்த நிலையில் என்று பிரெஞ்சு அரசின் மெரிமே தரவுத்தளத்தில் பாருங்கள். ‘வகைப்படுத்தியது’, ‘பதிவு செய்தது’ இரண்டுக்கும் அனுமதி நடைமுறையும் மானியமும் வேறு. பட்டியலில் இல்லாவிட்டால் பாரம்பரிய அறக்கட்டளை வழியாக மக்களிடம் நன்கொடை திரட்டலாம். இந்தப் பாணி பட்டியலில் குறைவுதான், கோத்திக் மோகத்தில் 19ஆம் நூற்றாண்டு ஆட்கள் இவற்றை மதிக்கவே இல்லை.

#16 சுண்ணாம்புச்சூளை
மழைச்சாரல், உங்கள் அறிக்கையின் இணைப்புப் படத்தில் நடுக்கூடத்தில் எரிவாயு சூடேற்றி தெரிகிறது. 1 கிலோ புரோப்பேன் எரிந்தால் சுமார் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வெளிவரும். ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் 3 கிலோ எரித்தால் 5 லிட்டர் தண்ணீரைக் குளிர்ந்த பூச்சுக் கூரைக்கு அனுப்புகிறீர்கள். அது மேலே படிந்து, ரீப்பர் ஆணி துருப்பிடித்து, ஆணி வரிசைப்படி பழுப்புப் புள்ளி விழும். பரணில் கண்ணாடிப் பஞ்சு விரித்திருந்தால் இன்னும் மோசம், ஈரம் அங்கேயே தங்கிவிடும். புள்ளி தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் விரிசலுக்கு முன் சூடேற்றியை நிறுத்துங்கள். இருக்கைக்கு அடியில் வைக்கும் மின்சூடு போதும். கழன்று தொங்கும் பூச்சை இடித்துத் தள்ள வேண்டாம். கீழிருந்து பலகை முட்டுக் கொடுத்துவிட்டு, பரண் பக்கம் தூசியை உறிஞ்சி, சணல் நார் கலந்த ஜிப்சம் பட்டையால் ரீப்பரோடு மறுபடி பிணைக்கலாம். விரலால் தட்டிக்கொண்டே போய், வெற்றொலி கேட்கும் இடத்தை எல்லாம் கரித்துண்டால் வட்டமிட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.